பிரம்மதேசத்துக்கு வாடகைக்குப் போன கேம் பெட்டி

அடுத்த மாதம் முதல் எல்லோரும் அலுவலகத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று சென்னையிலிருந்து மெயில் வந்தபோது, விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் இட்லி, ஒரு கையில் போன். படித்து முடித்ததும் இட்லியை என் வாயில் போட்டுக்கொண்டேன். மகள் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தாள்.

அவளுக்கு அப்போது நான்கு வயது. அவள் பிறந்ததிலிருந்து நான் வீட்டிலிருந்துதான் வேலை செய்துவந்தேன். யாரோ எழுதிய மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிப் பிடிக்கிற வேலை. விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வந்துவிடலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூட தினமும் போய் வந்தவர் இல்லை. பிள்ளை எழுந்திருப்பதற்கு முன் கிளம்பி, அவள் தூங்கிய பிறகு வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் திங்கள் முதல் வெள்ளி வரை சென்னையில் ஏதாவது பெண்கள் விடுதியில் தங்க வேண்டும். இரண்டும் எனக்கு வேண்டாம்.

என் கணவர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். போனோடு சேர்த்து, டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டிகளின் கன்ட்ரோலர்களும் அவ்வப்போது அவர் மேசைக்கு வரும். ஒரு நாள் சாயங்காலம் நான் கடையில் இருந்தபோது, ஒரு காலேஜ் கூட்டம் உடைந்த கன்ட்ரோலர் ஒன்றைக் கொண்டுவந்தது. பெட்டியின் சொந்தக்காரன் யார் என்று கேட்டால் யாரும் இல்லை. எவனுடைய மாமாவோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, பத்து வீட்டுக்குச் சுற்றி வருகிறதாம். "வாங்கறதுக்கு எங்க முடியும்க்கா, எவனாவது வாடகைக்குக் குடுத்தா நல்லா இருக்கும்" என்று அதில் ஒருவன் பேச்சுவாக்கில் சொன்னான்.

எனக்குச் சுரீர் என்றது. எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. கல்யாணமான புதிதில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய முதல் பொருள் ஃப்ரிட்ஜ் இல்லை, கேம் பெட்டிதான். என் மாமியார் இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுவார். பிள்ளை பிறந்த பிறகு அது அலமாரியில் துணி போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அதை வைத்து ஒரு மாதம் சோதித்துப் பார்த்தால் என்ன? இந்த ஊரில் ஜனங்கள் கேட்டு வந்தால், இன்னும் இரண்டு பெட்டி வாங்கித் தொழிலாகவே செய்துவிடலாம். சென்னைக்கும் விடுதிக்கும் ஒரு கும்பிடு. வரவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு சென்னைக்குத் துணிமணியைக் கட்ட வேண்டியதுதான். அலுவலகத்துக்குப் பதில் சொல்ல மாதக் கடைசித் திங்கட்கிழமை வரை நேரம் இருந்தது.

வீட்டில் சொன்னதும் மாமியார் காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டார்.

"ஜமுக்காளம் எடுப்பாங்க, அண்டா எடுப்பாங்க, சேர் எடுப்பாங்க. வெளையாட்டு சாமானை எவனாச்சும் வாடகைக்கு எடுத்துக்கினு போவானா?"

"அதத்தான் அத்தை பாக்கப் போறேன்."

"பாரு, பாரு. ஆனா போன பொருளு திரும்பி வராது, சொல்லிட்டேன்."

எனக்கு ஒரு வேலை தலையில் ஏறிவிட்டால் சோறு தண்ணீர் இறங்காது. மறுநாளே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். விழுப்புரத்தில் கல்லூரி வாசல்கள், டியூஷன் சென்டர்கள், ஜூஸ் கடைகள். அடுத்த நாள் திண்டிவனம். அங்கே ஒரு சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் தலையைத் திருப்பித் திருப்பி என்னிடம் கேள்வி கேட்டதில் கடைக்காரர் கத்தரியை வைத்துவிட்டு எனக்கு டீ சொன்னார். "வீடியோ கேம் பெட்டி வாடகைக்குக் கொடுத்தால் எடுப்பீர்களா?" என்று கேட்டேன். எடுக்க மாட்டேன் என்று ஒரு ஆள் சொல்லவில்லை. சூப்பர் என்றார்கள். ஏன் முன்னாடியே இந்த யோசனை யாருக்கும் வரவில்லை என்றார்கள். ஒரு பெரியவர், "நல்லா வருவம்மா" என்று கையைத் தூக்கி ஆசீர்வாதமே செய்துவிட்டார். வீடு திரும்பும் வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் நான் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் போட்டேன். கணவர் தன் கடைக் கண்ணாடியில் ஒரு அட்டை ஒட்டினார். குளிக்கப் போகும்போதுகூட போனை உள்ளே கொண்டுபோய் சோப்பு வைக்கிற இடத்தில் வைத்தேன்.

போன் வந்தது. முதல் ஆள் பந்தல் சேர் இருக்கிறதா என்று கேட்டார். இரண்டாவது ஆள் என் பெட்டியை விற்கிறேனா, அரை விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். மூன்றாவது, சலூனில் தலையைத் திருப்பித் திருப்பிப் பேசியவர்களில் ஒருவர். "தங்கச்சி, ஒண்ணும் இல்ல, உன் ஆபீசுல எங்க பையனுக்கு வேலை கெடைக்குமா?"

எனக்கு வந்த எரிச்சலில் போனை சோபாவில் வீசினேன். பொம்பளை ஒருத்தி வெயிலில் வந்து நின்று ஆசையாகக் கேட்கிறாள், அவள் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல நம்மூரில் யாருக்கு மனசு வரும்? எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஆசீர்வாதம் செய்து, சந்தோஷமாக அனுப்பிவைத்திருக்கிறார்கள். அதைப் போய் நான் வாடிக்கையாளர் என்று எண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன். இத்தனைக்கும் சோதிப்பதுதான் என் பிழைப்பே. என் வேலையில் யாரிடமும் போய் 'நன்றாக இருக்குமா' என்று கேட்க மாட்டோம். கையில் கொடுப்போம், என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். சொந்தக் காரியம் என்று வந்ததும் மூளை மழுங்கிவிட்டது.

சரி, கையில் கொடுத்தே பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். திண்டிவனத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த மாணவர்கள் ஒரு சனி ஞாயிறுக்கு எடுத்தார்கள். ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தார்கள், மாமியார் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனால் அடுத்த வாரம் அவர்களுக்குப் பரீட்சை. விழுப்புரத்தில் ஒரு வீட்டில் அப்பா ஆசையாகப் பேசி முடித்தார், அரை மணி நேரத்தில் அம்மா கூப்பிட்டார். "ஏம்மா, நீயும் புள்ள பெத்தவதானே? அவனே புஸ்தகத்தைத் தொடறதில்ல, இதையும் கொணாந்து குடுத்தீன்னா நான் இன்னா பண்றது?" நான் மன்னிப்புக் கேட்டு வைத்தேன். இந்த அம்மாக்கள் வாசலில் நிற்கும் வரை பெட்டி எந்த வீட்டுக்குள்ளும் போகாது என்று எனக்கு அன்று புரிந்தது.

மாதம் தேய்ந்துகொண்டே வந்தது. நான் திருட்டுத்தனமாக போனில் விடுதிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். மகள் மடியில் ஏறி, "இது யாரு வீடு?" என்று கேட்டாள். கட்டில் கட்டிலாக அடுக்கியிருந்த படம் அது. யார் வீடும் இல்லை என்று சொல்லி போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அப்போதுதான் அந்த போன் வந்தது. திண்டிவனம் பைபாஸில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். குரலில் கொஞ்சம் கூச்சம்.

"மேடம், சலூன்ல சொன்னாங்க. வெளையாட்டுப் பெட்டி வாடகைக்குக் குடுக்கறீங்களாமே. எங்க அக்கா பொண்ணு வயசுக்கு வந்துட்டா. இங்க பக்கத்துல பிரம்மதேசத்துல ஊடு. தனி ரூம்ல ஒக்கார வச்சிருக்காங்க."

"சரிங்க."

"செல்லைப் புடுங்கி வச்சிட்டாங்க. ஸ்கூலு இல்ல, சினேகிதப் புள்ளைங்க இல்ல. ஒரே அழுகை, பேஜாரா கீது. தாய்மாமன் நான் இருக்கறேன், இன்னா வேணும்னாலும் கேளு கண்ணு, பட்டுப்பொடவையா, கொலுசான்னு கதவாண்ட நின்னு கேட்டேன். ஒண்ணும் வேணாம் மாமா, வெளையாடக் குடுன்றா."

"எத்தனை நாளைக்கு வேணும்?"

"தண்ணி ஊத்தற வரைக்கும், மேடம்."

அந்தத் தனி அறை வழக்கத்தைக் கண்டாலே எனக்கு ஆகாது. எனக்கும் நடந்தது. தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய், மூன்று வேளையும் உளுந்தங்களி. கதவுக்கு வெளியே ஊரே சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும், உள்ளே நான் மட்டும் சுவரில் ஊரும் பல்லியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. அந்தப் பெண்ணுக்காக நான் பெட்டியைச் சும்மாவே கொடுத்திருப்பேன். ஆனால் அவர் வாடகை கொடுக்காமல் விட மாட்டேன் என்று நின்றார். தாய்மாமன் செய்வதை அடுத்தவர் செய்துவிட்டால் அவர் மரியாதை என்னாவது?

நானும் கணவரும் மறுநாள் காலையிலேயே பைக்கில் கிளம்பினோம். பெட்டி என் மடியில். திண்டிவனம் தாண்டி பிரம்மதேசம் போகிற சாலையில் இரண்டு பக்கக் கடலைக் கொல்லைகளிலும் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டு வாசலில் பெண்ணின் அம்மா கையைக் காட்டி என் கணவரை நிறுத்தினார்.

"தம்பி, கோச்சிக்காதப்பா. தண்ணி ஊத்தற வரைக்கும் ஆம்பளைங்க யாரும் அவளப் பாக்கக் கூடாது. அவ அப்பாவே இன்னும் பாக்கல. நீ உள்ள வாம்மா. ஆனா உள்ள போனீன்னா ஊட்டுக்குப் போய்த் தலைக்கு ஊத்திக்கணும்."

சுள்ளென்று வந்தது. வந்த இடத்தில் வாய் பேசக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

அறை சின்னது. மூலையில் ஒரு வேப்பங்கொத்து, ஒரு இரும்புத் துண்டு, பாய். டிவி அரசாங்கம் கொடுத்த பழைய குண்டு டிவி. அதில் எங்கள் வயரைச் செருகவே இடம் கிடையாது. எனக்குப் பகீர் என்றது. ஜன்னலுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றிருந்த கணவர், "பைல சின்னதா ஒரு கறுப்பு டப்பா வச்சிருக்கேன் பாரு, அதுல சொருகி, மஞ்சா வயரை மஞ்சால குத்து" என்றார். நான் குத்தினேன். படம் வரவில்லை. "அப்ப டிவி ரிமோட்ல மாத்து." ரிமோட்டில் ஒரு பேட்டரி இல்லை. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அதிலிருந்த பேட்டரியைப் போட்டேன். கடிகாரம் நின்றது, டிவியில் நீலம் வந்தது, பிறகு ஒரு ரேஸ் கார் உறுமிக்கொண்டு வந்து நின்றது.

அதுவரை பாயில் சுருண்டு உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்தாள். ஒல்லியாக, பாவாடை தாவணியில் தடுக்கித் தடுக்கி நடந்தாள். ஒரு கன்ட்ரோலரை அவளிடம் கொடுத்து, இன்னொன்றை நான் வைத்துக்கொண்டு, எது முடுக்குவது, எது திருப்புவது என்று காட்டினேன். முதல் ஆட்டத்தில் அவள் கார் மரத்தில் மோதியது. இரண்டாவதில் ஆற்றில் விழுந்தது. மூன்றாவதில் என்னை முந்திக்கொண்டு போய் முடித்துவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன்! கல்யாணத்துக்கு முன் விடிய விடிய விளையாடிய ஆள் நான். ஒரு சின்னப் பெண் என்னைத் தோற்கடித்துவிட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"அக்கா, இத எப்ப எடுத்துக்கினு போவீங்க?"

"உனக்குத் தண்ணி ஊத்தற அன்னைக்கு."

"அப்ப ஊத்தவே வேணாம்."

வீட்டுக்கு வந்ததும் தலைக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. வாசலில் நின்று மாமியார் கேட்டதற்கு ஊற்றிக்கொண்டேன் என்று கூசாமல் சொன்னேன்.

சில நாட்கள் கழித்து அந்தத் தாய்மாமன் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். அதை நான் கடையில் வைத்துப் பார்த்தேன், கணவரை உலுக்கிக் கூப்பிட்டுத் திரும்பவும் பார்த்தேன். பிரம்மதேசத்து வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரே கூட்டம். பள்ளிக்கூடச் சீருடையில் நான்கைந்து பெண்கள், ஒருத்தி கையில் எங்களுடைய இரண்டாவது கன்ட்ரோலர். கம்பி வழியாக டிவி தெரிகிறது, ஆனால் உள்ளே இருக்கிற பெண் தெரியவில்லை. அவள்தான் டிவியை ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறாள். தான் ஜன்னலுக்குக் கீழே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டால், வெளியே நிற்பவர்கள் டிவியைத்தான் பார்ப்பார்கள், அவளைப் பார்க்க மாட்டார்கள். கன்ட்ரோலருக்கு வயரும் கிடையாது. யாரும் யாரையும் தொடவில்லை, எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி, நடுவில் சுவர், இரண்டு பேரும் ஒரே ரோட்டில் கார் ஓட்டுகிறார்கள்.

அதே வீடியோவில் அடுத்து வந்தது மறுநாள் எடுத்த காட்சி. அதில் ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் பெண்ணின் அப்பா. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, உடம்பையே இடது வலதாகச் சாய்த்து ஓட்டுகிறார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "பிரேக்கை அமுக்கு நைனா, பிரேக்கை அமுக்கு" என்று அவள் குரல். அவர் ஆற்றில் விழுகிறார். உள்ளே ஒரு சிரிப்பு. மகள் முகத்தை இன்னும் பார்க்கக் கூடாத அந்த மனிதர், டிவியைப் பார்த்தபடியே தானும் சிரிக்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கணவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, சால்டரிங் புகை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீராட்டு விழா. எங்களையும் பத்திரிகை வைத்து அழைத்திருந்தார்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு வருவதும் அன்றுதான். அடுத்த நாள் திங்கள். என் பதில் போக வேண்டிய நாள். வாடகைக்குப் போனது இதுவரை கைவிரலுக்கு அடங்கும். ஒரு வீடியோவை வைத்து வேலையை விட முடியுமா? வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் வாங்கிக்கொண்டு, மனதுக்குள் இப்படியும் அப்படியுமாக அல்லாடிக்கொண்டே போனேன்.

தெருவை அடைத்துப் பந்தல். ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. காலையிலேயே தண்ணீர் ஊற்றிவிட்டார்கள், பெண்ணை உள்ளே உட்கார வைத்து ஒப்பனை செய்துகொண்டிருந்தார்கள். பின்பக்கம் கை கழுவப் போனேன். அங்கே வெயிலில் ஒரு முறம் இருந்தது. முறத்தில் அவள் தட்டு, அவள் டம்ளர், அவள் சீப்பு. பக்கத்தில், அவள் விளையாடிய எங்கள் கன்ட்ரோலர். வெள்ளையாகப் போனது பளபளவென்று மஞ்சளாக இருந்தது. அதன் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

அதைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தேன். பெண்ணின் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாம்மா, வா. உன் சாமானை நானே ரெடி பண்ணி வச்சிட்டேன்."

"இத இன்னாம்மா பண்ணீங்க?"

"மஞ்ச தண்ணில கழுவினேன். அவ கையில புழங்கினதாச்சே. அசலாரு பொருளு, தீட்டோட குடுக்கலாமா? நாளைக்கு இன்னொரு ஊட்டுக்குப் போவும்ல? அதான் ஒரு தபாக்கு ரெண்டு தபா அலசினேன்."

"பெட்டி? அந்தப் பெரிய பெட்டி?"

"அத அவ கையால தொடவே இல்லம்மா. மேல மட்டும் லைட்டா தெளிச்சி உட்டேன்."

தொண்டை வரைக்கும் வந்த வார்த்தைகளைச் சொன்னால் இந்தப் பக்கத்தை மூடிவிடுவீர்கள். ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். விசேஷ வேலைகள் எல்லாவற்றுக்கும் நடுவில், யாரோ ஒருத்தியின் பொருளைக் கறை இல்லாமல் கொடுக்க வேண்டும் என்று உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். போன பொருள் திரும்பி வராது என்றார் என் மாமியார். இது குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நிறுத்தவே முடியவில்லை. அவரும் என்னவென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

கணவர் சிரிக்கவில்லை. கன்ட்ரோலரைக் கையில் வாங்கினார், சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். கல்யாணத்துக்குப் போனாலும் அவர் பையில் அது இருக்கும். பந்தலிலேயே ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார். உள்ளே மஞ்சள் வண்டலாகப் படிந்திருந்தது. "ஹேர் டிரையர் இருந்தா காப்பாத்திடலாம்" என்றார். பிரம்மதேசத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹேர் டிரையருக்கு எங்கே போவது என்று நான் தலையில் கை வைத்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. உள்ளே பெண்ணுக்கு ஒப்பனை நடந்துகொண்டிருக்கிறதே.

ஒப்பனை செய்ய திண்டிவனத்திலிருந்து வந்திருந்த பெண்மணி தன் டிரையரோடு வெளியே வந்தார். பாதி ஜடை பின்னிய நிலையில் பெண்ணும் கதவோரத்தில் வந்து நின்றாள். ஜன்னலில் விளையாடிய பள்ளிக்கூடப் பெண்கள் வந்தார்கள், அவர்களைப் பார்த்து அவர்கள் அம்மாக்கள் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாட்டையே நிறுத்திவிட்டார்கள். பந்தலே என் கணவரைச் சுற்றி நின்றது. டிரையர் உஸ்ஸென்று ஊதியது. அவர் பஞ்சால் ஒற்றி எடுத்து, மூடி, திருகி, பொத்தானை அழுத்தினார்.

விளக்கு எரியவில்லை. யாரோ உச்சுக் கொட்டினார்கள். அவர் இன்னொரு முறை பிரித்து இன்னொரு முறை ஊதினார். இந்தத் தடவை நீல விளக்கு மினுக்கி மினுக்கி நின்றது. பந்தலே கை தட்டியது. பெண்ணின் அப்பா ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அதற்கு அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு வாங்குகிறது. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அவர்களாக வந்தார்கள். வந்தவர்கள் அத்தனை பேரும் அம்மாக்கள்.

"எங்க அண்ணன் காலு ஒடைஞ்சி மாவுக்கட்டோட கெடக்கறான்மா. பொண்டாட்டியப் போட்டுத் திட்டிக்கினே கீறான். அவனுக்குக் குடுப்பியா?"

"பொம்மையார்பாளையத்துல எங்க நாத்தனார் பையனுக்கு அம்மை போட்டிருக்கு. வெளிய உட முடியல, ஊட்ட ரெண்டாக்கறான்."

"நாங்க விழுப்புரம் பக்கத்துல காணைம்மா. எங்க சின்னப் பொண்ணு முந்தாநேத்துதான் வயசுக்கு வந்து ஒக்காந்தா. நாளைக்கே கொண்டாந்துடுவியா? ஜல்தியா வேணும், அழுதுக்கினே இருக்கறா."

ஒப்பனை செய்ய வந்தவர் டிரையர் வயரைச் சுருட்டிக்கொண்டே என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "மாசம் முழுக்க நான் இந்த மாதிரி ஊட்டுக்குத்தாங்க போய்க்கினு இருக்கறேன். போற எடத்துலல்லாம் உங்க நம்பரைக் குடுக்கட்டா?"

நான் வேகமாகத் தலையை ஆட்டினேன். ஸ்கூட்டரில் அலைந்து காலேஜ் வாசலிலும் சலூனிலும் நான் தேடியவர்கள் ஓடியாடித் திரிகிறவர்கள். அவர்களுக்கு என் பெட்டி எதற்கு? வீட்டில் ஓரிடத்தில் உட்கார வைக்கப்பட்டவர்களுக்குத்தான் அது தேவை. அங்கே அம்மாக்கள் வாசலை மறிக்க மாட்டார்கள், அவர்களே வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். இது நான் கண்டுபிடித்தது இல்லை. டிவியைத் திருப்பி வைத்த அந்தப் பெண் கண்டுபிடித்தது.

மேடையில் அவள் பட்டுப்புடவையும் ஆள் உயர மாலையுமாக உட்கார்ந்திருந்தாள். தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு மேளத்தோடு வந்து இறங்கி, மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். டிபன் கேரியரைக் கொடுத்துவிட்டு நான் அவள் காதருகே குனிந்தேன்.

"பெட்டிய எடுத்துக்கினு போறேன்மா. கோவமா?"

"இல்லக்கா. அடுத்தது யாருக்கு?"

"காணையில ஒரு பொண்ணுக்கு. உன்ன மாதிரியேதான்."

அவள் மாலையை ஒதுக்கிக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"அவகிட்ட சொல்லுங்கக்கா, மொதல்ல ஜன்னலைத் தொறந்து வைக்கச் சொல்லுங்க."

திங்கட்கிழமை வரை நான் காத்திருக்கவில்லை. திரும்பி வரும்போது, பைக்கின் பின் சீட்டில் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று மெயில் எழுதினேன். திண்டிவனம் பாலத்தில் ஏறும்போது அனுப்பினேன். கணவர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினார்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேங்க."

விழுப்புரம் வரை அவர் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் மாமியார் மஞ்சள் கன்ட்ரோலரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, "கறிமஞ்சள் இல்ல, நல்ல கஸ்தூரி மஞ்சளு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மகள் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அதில் ஒரு பொத்தான் அழுத்தினால் இன்றைக்கும் கொஞ்சம் தாமதமாகத்தான் எழுந்து வரும். மற்றதெல்லாம் நன்றாக வேலை செய்கிறது.

மறுநாள் நானும் கணவரும் காணைக்குப் போனோம். கரும்புத் தோட்டத்தை ஒட்டிய வீடு. என் கணவரை வாசலிலேயே நிறுத்தினார்கள், தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று எனக்குச் சொன்னார்கள். நான் சரி என்றேன். அறைக்குள் ஒரு பெண் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் பையைக் கீழே வைத்தேன். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால், நேராகப் போய் ஜன்னலைத் திறந்தேன்.